என்னிடம் தோற்றவர் என் வாசலுக்கு வந்த நாள்

செஞ்சியில் நான் வார்டு உறுப்பினராகி இரண்டாவது வருடம், ஐப்பசி மாதத்து மழை தொடங்கியிருந்த சமயத்தில் நடந்தது இது. உறுப்பினர் என்று சொல்கிறேனே தவிர, அதுவரை அந்தப் பதவிக்கும் எனக்கும் பெரிய தொடர்பு எதுவும் இருந்ததில்லை. எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். என் கணவருக்கு ஊர் வேலை என்றால் உயிர். தான் நிற்க முடியாது என்றானதும் என்னை நிற்க வைத்தார்.

திருவண்ணாமலை சாலையில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருந்தார் அவர். சுற்று வட்டாரத்தில் எந்தக் கிணற்று மோட்டார் எரிந்தாலும் அவரிடம்தான் வரும். அந்தப் பழக்கத்தில்தான் ஓட்டு கேட்டோம். எங்களை எதிர்த்து நின்றவர், எங்கள் வார்டிலேயே மாவு மில் நடத்தும் ஒரு பெண். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். கணவர் இல்லாமல் தனியாக மில்லை நடத்தி, ஒரே மகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தவர். வார்டில் அரிசி அரைக்க, மிளகாய் அரைக்க வராத வீடு கிடையாது. மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பேசியே பழகிப்போன குரல் அவருக்கு. எந்த வீட்டில் பிரசவம், எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை என்பதெல்லாம் அவருக்கு அங்கே உட்கார்ந்தபடியே தெரியும்.

வாக்கு எண்ணி முடித்தபோது எங்கள் இருவருக்கும் ஒரே அளவு ஓட்டு. மறுபடி எண்ணினார்கள். அப்போதும் அதேதான். குலுக்கல் முறையில் முடிவு செய்வதுதான் சட்டம் என்றார் அதிகாரி. எங்கள் இரண்டு பேர் பெயரையும் தனித்தனிச் சீட்டில் எழுதி, எல்லோருக்கும் காட்டி, மடித்து, ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கினார்கள். என் பெயர் வந்தது.

என் கணவரை நண்பர்கள் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அந்த அம்மா யாரையும் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக வெளியே நடந்தார். வாசலில் அவருக்காகக் காத்திருந்த பெண்கள் அழுததை நான் பார்த்தேன். அவர் அழவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டு அரிசி வேறு மில்லுக்குப் போனது. தெருவில் எதிரே வந்தால் அவரும் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன்.

பதவி ஏற்ற பிறகு எல்லா வேலையையும் என் கணவர்தான் பார்த்தார். தெருவிளக்கு எரியவில்லை என்றால் அவருக்குத்தான் போன் வரும். குப்பை வண்டி வரவில்லை என்றாலும் அவர்தான் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவார். மாதக் கூட்டத்துக்கு என்னைப் பேரூராட்சி அலுவலக வாசலில் இறக்கிவிட்டு, முடியும்வரை வெளியே நிற்பார். நான் உள்ளே போய் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன். ஒரு வார்த்தை பேசியதில்லை. யாரும் என்னிடம் எதிர்பார்த்ததும் இல்லை.

அந்த வருடம் ஆடி அமாவாசை அன்று காலை அவர் கடையில் இருந்தபோதே கை மரத்துப்போகிறது என்றாராம். பக்கத்துக் கடைக்காரர்தான் ஆட்டோவில் ஏற்றினார். மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டத்தால் ஊரே நிரம்பியிருந்த நாள் அது. ஆனால் ஆட்டோக்காரர் எப்படியோ வழி பிடித்து ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரமே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். போய்ச் சேர்ந்தபோதே உயிர் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாற்பத்திரண்டு வயது. அன்று காலை இட்லிக்குச் சட்னி போதவில்லை என்று என்னிடம் கோபித்துக்கொண்டு போனவர்.

அதற்குப் பிறகு நான் எப்படி இருந்தேன் என்பது எனக்கே சரியாக நினைவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, தானே சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்வாள். கடையைப் பூட்டிவிட்டோம். வீட்டுக்குள் என் மாமியார் ஒரு மூலை, நான் ஒரு மூலை.

வார்டு ஆட்கள் தொடக்கத்தில் கொஞ்ச நாள் என்னைத் தேடி வந்தார்கள். வந்து நின்று, என்னைப் பார்த்து, சொல்ல வந்ததைச் சொல்லாமலே போய்விட்டார்கள். மாதக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. நான் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. தொடர்ந்து மூன்று கூட்டத்துக்குப் போகாமல் இருந்தால் பதவி தானாகவே போய்விடும் என்று என் கொழுந்தனார் சொன்னார். அவர் அதை வருத்தத்தோடு சொல்லவில்லை, நிம்மதியாகத்தான் சொன்னார்.

"அண்ணனே இல்ல, இனிமே யாரு அண்ணி ஓடறது? வுட்டுடுங்க."

என் அப்பாவும், நைனா என்றுதான் கூப்பிடுவேன், சீயமங்கலம் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து வந்து, பேத்தியையும் என்னையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று உட்கார்ந்திருந்தார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இருந்த இடத்திலேயே இன்னும் ஒரு கூட்டம் கழியும்வரை உட்கார்ந்திருந்தால் போதும். எல்லாம் முடிந்துவிடும். மறுபடியும் தேர்தல் வரும். மில்லுக்கார அம்மா ஜெயிப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவரைப் பிடித்தவர்கள் இப்போதே ஓட்டு கேட்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று தெருவில் பேச்சு.

அடுத்த கூட்டத்துக்கு முந்தின நாள் மதியம், வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தது. என் மகள்தான் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "அம்மா, மாவு மில்லு அம்மா வந்து இருக்குறாங்க" என்றாள். அவள் முகத்தில் பயம்.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. முறுக்கு மாவுக்கும் அதிரச மாவுக்கும் மில் வாசலில் வரிசை நிற்கிற நேரம். அந்த வரிசையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். புருவத்திலும் காதோரத்திலும் மாவு அப்படியே ஒட்டியிருந்தது. உள்ளே வந்தவர், நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். சாவுக்கு வந்து ஒரு ஓரமாக நின்றுவிட்டுப் போனவர்தான். அதற்குப் பிறகு இப்போதுதான் வருகிறார். ஆறுதலாக ஏதாவது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"நாளைக்குக் கூட்டம் இருக்குது. வரியா?" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு சொன்னேன். "நான் வரலக்கா. எனக்கு அதெல்லாம் தெரியாது. அவருதான் பாத்துனு இருந்தாரு. நீங்களே நில்லுங்க. உங்களுக்கு வர வேண்டியதுதான இது?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"எனக்கு வேணும்னா ஓட்டு கேட்டு, ஜெயிச்சி வாங்கிக்கறேன். சாவு வூட்ல வந்து எடுத்துனு போவ மாட்டேன். என்ன இன்னான்னு நெனச்சினு இருக்கிற?"

அந்தக் குரலுக்கு உள்ளறையில் இருந்த என் மாமியாரும், வெளியே இருந்த நைனாவும் எழுந்து வந்துவிட்டார்கள். அவர் யாரையும் பொருட்படுத்தாமல் என்னிடம் மட்டும் பேசினார். எங்கள் வார்டில் பள்ளத் தெரு என்று ஒன்று உண்டு. பெயருக்கு ஏற்றபடி தாழ்வான தெரு. அங்கே குழாயில் வரும் தண்ணீர் மழை ஆரம்பித்ததிலிருந்து நாறுகிறதாம். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. இரண்டு வீட்டில் பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். தானே அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னதாகச் சொன்னார். அங்கே நல்லபடியாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். உடனே அந்தக் குழாயை அடைத்துவிட்டு லாரியில் தண்ணீர் அனுப்புகிறார்கள். ஆனால் எத்தனை நாளைக்கு லாரி வரும்? தெரு முழுக்கக் குழாயை மாற்ற வேண்டுமென்றால் மன்றத்தில் வைத்து முடிவெடுக்க வேண்டும். வார்டு உறுப்பினர் வந்து கேட்டால் நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள்.

"வார்டு உறுப்பினர் யாரு? நானா?" என்று கேட்டார்.

அவரே தொடர்ந்தார்.

"எழுந்து வா. கூட்டம் நாளைக்குத்தான். தெருவ இன்னிக்கே பாத்துடு. பாக்காம இன்னா பேசுவ?"

என் மாமியார் அப்போதுதான் வாயைத் திறந்தார். மகன் போய் மூன்று மாதம் முழுசாக ஆகவில்லை, அதற்குள் மருமகள் தெருவில் இறங்கினால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று கேட்டார். அவர் கேட்டதில் எனக்குத் தப்பும் தெரியவில்லை. ஊர் அப்படித்தான் பேசும்.

மில்லுக்கார அம்மாவின் குரல் தணிந்தது. "அம்மா, உங்க புள்ள ஓட்டு கேக்கறப்ப என் மில்லுக்கும் வந்தாரு. எதுத்து நிக்கிறவ நானு, என்கிட்டயே வந்து ஓட்டு கேக்கறாரு. அப்ப சொன்னாரு, யார் ஜெயிச்சாலும் பள்ளத் தெரு குழாய மாத்திடணும்க்கா, நீ ஜெயிச்சா நீ பண்ணு, நாங்க ஜெயிச்சா நாங்க பண்றோம்னு. அத வுட்டுட்டுப் போய்ட்டாரு."

இதை என் கணவர் என்னிடம் சொன்னதே இல்லை. என் மாமியார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. நான் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோது, திரும்பாமலே, "இருட்றதுக்குள்ள வந்துடு" என்றார்.

ஸ்கூட்டியில் அவர் பின்னால் உட்கார்ந்து போனேன். என் கணவர் போனதற்குப் பிறகு நான் வெளியே வருவது அதுதான் முதல் தடவை. கடைத்தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்களா, என்னை உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போகிற அவரைப் பார்த்தார்களா, தெரியவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நிமிந்து உக்காரு, வண்டி ஆடுது" என்றார் அவர்.

பள்ளத் தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையாக நின்றன. ஒரு வீட்டில், ஆஸ்பத்திரியிலிருந்து அன்று காலைதான் திரும்பி வந்த பெண் குழந்தையைப் பாயில் படுக்க வைத்திருந்தார்கள். மூன்று வயது இருக்கும். கண் உள்ளே போயிருந்தது. கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. அந்தக் குழந்தையின் அம்மா என்னைப் பார்த்ததும் குறை சொல்லவில்லை, திட்டவில்லை. என் நெற்றியைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க கஷ்டத்துல வந்தீங்களே" என்று அழுதாள். அந்த இடத்தில் எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வரவில்லை. மூன்று மாதமாக எனக்கு மட்டும்தான் எல்லாம் போய்விட்டது என்று உட்கார்ந்திருந்தேன். இங்கே ஒருத்தி தன் பிள்ளை பிழைக்குமா என்று இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு, எனக்காக அழுகிறாள்.

மறுநாள் காலையும் அவரே வந்து கூட்டிக்கொண்டு போனார். அலுவலக வாசலில், என் கணவர் வழக்கமாக வண்டியை நிறுத்தும் அதே புங்க மரத்தடியில் ஸ்கூட்டியை நிறுத்தினார். அது அவருக்குத் தெரியாது. நான் இறங்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. குப்பை வண்டிகள் ஒவ்வொன்றாக வெளியே போய் முடிகிறவரை நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள போனதும் பேச்சு வரலன்னா இன்னாக்கா பண்றது?" என்று கேட்டேன்.

"நேத்து பாத்தத சொல்லு. அது போதும். வேற ஒண்ணும் சேக்காத."

கூட்டத்தில் முதலில் எல்லோரும் எழுந்து நின்று என் கணவருக்காக அஞ்சலி செலுத்தினார்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினார்கள். பேருந்து நிலையத்துக் கழிப்பறைத் துப்புரவு, கோட்டைக்குப் போகும் சாலையில் விளக்கு, கொசு மருந்து. என் வார்டு வந்தபோது நான் எழுந்தேன். கை மேஜையைப் பிடித்துக்கொண்டிருந்தது. தலைவர், "உக்காந்தே சொல்லுங்கம்மா" என்றார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடி எழ மாட்டேன் என்று தோன்றியது. பள்ளத் தெருவில் பார்த்ததைச் சொன்னேன். அந்தக் குழந்தை பாயில் கிடந்ததையும், அதன் அம்மா என் கையைப் பிடித்ததையும் சொன்னேன். குழாயை மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன். அவ்வளவுதான். மொத்தமே ஒரு நிமிடம் பேசியிருப்பேன். மன்றத்தில் யாரும் மறுக்கவில்லை. அவசர வேலையாக எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

வெளியே வந்து சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, பாராட்டவில்லை. "சரி, ஏறு. மில்லுல வரிசை நிக்கும்" என்றார்.

தீபாவளி கழிந்து மழை விட்டதும் தெருவைத் தோண்டினார்கள். பழைய குழாய் ஓரிடத்தில் சாக்கடைக்கு அடியில் போயிருந்தது. அங்கே துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. வேலை நடந்த நாட்களில் நான் தினமும் போய் நின்றேன். முதல் நாள் எனக்கு எங்கே நிற்பது என்றுகூடத் தெரியவில்லை. போகப் போக வேலையாட்களே என்னைக் கூப்பிட்டுக் காட்ட ஆரம்பித்தார்கள். புதுக் குழாயில் தண்ணீர் வந்த அன்று, அந்தச் சின்னப் பெண் குழந்தை குழாயடியில் கையை நீட்டி நனைத்துக்கொண்டு, போ என்றாலும் போகாமல் நின்றது. நான் அன்று மாலை பூட்டியிருந்த கடைக்குப் போய், கதவைத் திறந்து, தனியாக உட்கார்ந்து அழுதேன். அவர் போன பிறகு வாய்விட்டு அழுதது அன்றுதான்.

மில்லுக்கார அம்மாவுக்கு இதனால் கெட்ட பெயர்தான் வந்தது. கையில் வந்த பதவியைத் தள்ளிவிட்டாள் என்று, அவருக்காகத் தேர்தலில் ராப்பகலாக உழைத்தவர்கள் திட்டினார்கள். அவருடைய சொந்தத் தம்பியே ஒரு வருடம் பேசாமல் இருந்தார். இதெல்லாம் எனக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

ரொம்ப நாள் கழித்து ஒரு மதியம், மில்லில் கூட்டம் இல்லாத நேரத்தில், ஏன் அக்கா அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் மெஷினில் மாவு தட்டிக்கொண்டே சொன்னார். அவர் கணவர் இறந்தபோது மில்லை விற்றுவிடு என்றுதான் எல்லோரும் சொன்னார்களாம். காரியம் முடிந்த மறுநாள், விஷயம் தெரியாத யாரோ ஒரு வெளியூர் அம்மா அரிசிக் கூடையோடு வந்து கதவைத் தட்டியிருக்கிறார்.

"அரைச்சிக் குடுன்னு நிக்கிறாங்க. எனக்கு வந்துச்சி பாரு கோவம். சொல்லி அனுப்பறதுக்கு வாய் வரல. சரின்னு மெஷின போட்டேன். அந்தச் சத்தம் கேட்டதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சி. அன்னிக்கு அந்தம்மா வராம இருந்திருந்தா நானும் உன்ன மாதிரி செவுத்துலயே சாஞ்சினு இருந்திருப்பேன்."

பிறகு, என்னைப் பார்க்காமலே, "ரொம்ப நல்லவன்னு நெனச்சிக்காத. அடுத்த தடவ உன்ன எதுத்து நிப்பேன். ஜெயிப்பேன்" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நானும் சிரிக்கவில்லை. "நில்லுங்கக்கா, நானும் நிக்கறேன்" என்றேன். அன்றுதான் எங்கள் வீட்டு அரிசியை மறுபடி அவர் மில்லுக்கு எடுத்துப்போகத் தொடங்கினேன்.

நான் நைனாவோடு ஊருக்குப் போகவில்லை. கடையை என் கணவரிடம் வேலை பழகிய ஒருவர் எடுத்து நடத்துகிறார். வார்டு வேலையை நானே பார்க்கிறேன். போன் என் கையில்தான் இருக்கிறது. அலுவலகத்தில் எதை யாரிடம் கேட்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும், தெரியாததைக் கேட்கவும் கூச்சம் இல்லை. அவர் இல்லாத குறை குறையவில்லை. சில காலைகளில் சட்னி அரைக்கும்போது கை நின்றுவிடும்.

வார்டில் சாவு விழுந்தால் இப்போதெல்லாம் நான்தான் முதலில் போகிறேன். அழுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். ஆறுதலாக என்ன சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் அந்த வீட்டு வாசலில் போய் நிற்கிறேன். நாளைக்கு இன்ன வேலை இருக்கிறது, வருகிறீர்களா என்று கேட்கிறேன். சுவரில் சாய்ந்திருக்கும் ஒருவருக்கு வேறு யாரும் கேட்காத அந்தக் கேள்விதான் சில சமயம் எழுந்து நிற்கப் பிடிமானமாக இருக்கிறது என்பதை, என்னிடம் தோற்றுப்போன ஒருவரிடமிருந்துதான் நான் பெற்றுக்கொண்டேன்.